மணிப் புத்தகத்தில் கிழித்த தாள்கள்

இந்தக் கல்லூரியில் முப்பத்தோரு வருடம் மணி அடித்தேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதற்குப் பதில் போட எனக்குத் தெம்பில்லை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில், மலைக்கு முதுகைக் காட்டின மாதிரி இருக்கிறது. அது போதும்.

போன வருடம் கல்லூரியின் வரலாறு என்று ஒரு மலர் போட்டார்கள். வழவழப்பான தாள். ஓய்வு பெற்ற ஊழியன் என்று எனக்கும் ஒரு பிரதி வந்தது. முதல் பக்கத்தில் நிறுவனர் படம். அடுத்துக் கட்டடங்கள். கல் தூண், வளைவு, சுண்ணாம்புப் பூச்சு, முன்வாசல் தூங்குமூஞ்சி மரம், எல்லாவற்றுக்கும் படம் உண்டு. ‘தரிசாகக் கிடந்த நிலத்தில் ஒரு வள்ளல் கண்ட கனவு’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரியில் மலரை மூடிவிட்டேன். பிறகு மறுபடியும் திறந்து கடைசிப் பக்கம் வரை தேடினேன், எங்கள் வழி எங்கேயாவது இருக்கிறதா என்று. இல்லை. வரைபடத்தில்கூட இல்லை. வழி இருந்த இடத்தில் புதிய பிளாக் நிற்கிறது, கண்ணாடிச் சுவரோடு.

அதனால்தான் நான் எழுதுகிறேன். எனக்கு எழுத்து பெரிதாக வராது. முப்பத்தோரு வருடம் நான் எழுதியதெல்லாம் ஒரே மாதிரி வரிதான். இத்தனையாவது மணி, இத்தனை நிமிடம் தாமதம், காரணம் இன்னது. என் அண்ணன் கடைசியாகக் கேட்டது அந்த வழி ஒன்றைத்தான். அதை அவனுக்கு வாங்கித் தர முடியாமல் போனதற்குக் கல்லூரிக்காரர்கள் பாதிக் காரணம். மீதி நான்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெரு கல்லூரிக்குப் பின்னால், மேற்கே, மலைப் பக்கம். எங்கள் சுடுகாடு கல்லூரிக்குத் தெற்கே, ஓடைக்கரையில். எந்தச் சாதி என்று கேட்காதீர்கள். ஊருக்கு ஒரு சுடுகாடு இருக்க எங்களுக்குத் தனியாக ஒன்று இருந்தது என்றால் புரிந்துகொள்வீர்கள். கல்லூரி வருவதற்கு முன் அந்த நிலம் எங்கள் மந்தை. ஆடு மாடு அடைகிற இடம். தரிசு இல்லை. பாதை அதன் ஊடே போனது. தெருவில் பாடையைத் தூக்கினால் பத்து நிமிடத்தில் ஓடைக்கரை.

இடம் கேட்டு வந்தவர் பருத்தி வியாபாரத்தில் பெரிய ஆள். என் அப்பா அப்போது கல் சுமக்கிற வயதில் இருந்தார். அவர் பார்த்ததைத்தான் சொல்கிறேன். வந்தவர் காரைத் தள்ளி நிறுத்திவிட்டு எங்கள் தெருவுக்குள் நடந்து வந்தார். அந்தக் காலத்தில் அதுவே பெரிய விஷயம். மந்தையைக் கொடுங்கள், பிள்ளைகள் படிக்கும் என்றார். எங்கள் ஆட்கள் ஒன்றே ஒன்று கேட்டார்கள். பிணம் போகிற வழியை மறிக்கக் கூடாது. அவர் எங்கள் அம்மன் முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தி அணைத்துச் சத்தியம் பண்ணினார். பதிலுக்கு அவரும் ஒன்று கேட்டார்.

“உள்ள பிள்ளைக படிக்கும். கேட் நுழைஞ்சதுல இருந்து வெளிய போற வரைக்கும் கொட்டு அடிக்கப்படாது. வேட்டுப் போடப்படாது.”

சிவகாசி கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர் எங்களுடையது. சாவுக்கு வேட்டு இல்லாமல் இருந்தால் செத்தவனுக்கு மரியாதை இல்லை. கூட்டத்தில் இருந்த ஒருத்தர், “நாங்க கொட்ட நிப்பாட்டுனா நீங்க என்னத்த நிப்பாட்டுவீய?” என்று கேட்டுவிட்டாராம். எல்லாரும் பயந்துபோனார்கள். வந்தவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “மணிய நிப்பாட்டுறேன். ஒங்க பாடை உள்ள இருக்கிற வரைக்கும் காலேஜு மணி அடிக்காது” என்றார்.

அவ்வளவுதான் ஒப்பந்தம். காகிதம் கிடையாது. கற்பூரத்தை அணைத்த மனுஷனிடம் காகிதம் கேட்பது கேவலம் என்று எங்கள் ஆட்கள் நினைத்தார்கள். இன்றைக்கும் எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் நினைப்பார்கள்.

மெயின் பிளாக்கைக் கட்டியது பெரிய எஞ்சினியர் என்று மலரில் இருக்கிறது. இருக்கட்டும். கல் சுமந்தது எங்கள் தெரு. மாடு கட்டிச் சுண்ணாம்புக் காரை அரைத்த வட்டப் பள்ளம் கெமிஸ்ட்ரி லேபுக்குப் பின்னால் என் காலம் வரை கிடந்தது. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் ஊற்றி அரைத்த காரை. சித்திரை வெயிலில் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தால் ஈரத் துணி போட்ட மாதிரி இருக்கும். பெரிய பெரிய வளைவு வைத்த வராந்தா, மரப் படிக்கட்டு, மேலே ஓட்டுக் கூரை. நல்ல கட்டடம். அதை நான் மறுக்கவில்லை. கட்டடத்தின் மேல் எனக்கு என்றைக்கும் கோபம் கிடையாது.

பத்தாவது பாஸ் பண்ணிய எனக்கு அங்கே அட்டெண்டர் வேலை கிடைத்தது. மணி என்றால் வெண்கல மணி இல்லை. போர்ட்டிகோவில் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. முழ நீள இரும்புக் கம்பியால் அடிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவனுக்கும் கேட்கும். பக்கத்தில் சின்ன அறை. சுவரில் சரசுவதி படம், அதன் கீழே ஒரு மரத் தட்டு, தட்டின் மேல் மணிப் புத்தகம். மணி பிந்தினால் காரணத்தை அதில் எழுதி சூப்பரிண்டெண்டிடம் இனிஷியல் வாங்க வேண்டும். அது சட்டம்.

பாடை வருகிற அன்று எங்கள் தெருவில் இருந்து ஒரு ஆள் முன்னால் வருவான். வாயால் சொல்ல மாட்டான். தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு போர்ட்டிகோ ஓரமாக நிற்பான். நான் சுவரில் சாத்தியிருக்கிற கம்பியை எடுத்துத் தரையில் படுக்க வைப்பேன். மணி நின்றுவிட்டது என்று அதற்கு அர்த்தம். அப்படி முன்னால் வருகிறவன் பெரும்பாலும் என் அண்ணன்தான். பஞ்சு மில்லில் வேலை பார்த்தான். தெருவில் யார் செத்தாலும் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்துவிடுவான்.

மேற்குக் கேட் வரைக்கும் கொட்டுச் சத்தம் காதைப் பிளக்கும். கேட்டில் நுழைந்ததும் டக்கென்று நிற்கும். பிறகு நடக்கிற சத்தம் மட்டும். செருப்பில்லாத கால்கள், இடையில் ஒரு பொம்பளை மூக்கைச் சிந்துகிற சத்தம். கெமிஸ்ட்ரி லேபின் பின்பக்கம், விளையாட்டு மைதானத்தின் ஓரம், புளியமரங்கள், தெற்குக் கேட். வெளியே போனதும் மறுபடியும் கொட்டு கிளம்பும். அதைக் கேட்டதும் நான் கம்பியை எடுத்து அடிப்பேன்.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். ஒரு தடவை முதல் வருடப் பையன் ஒருத்தன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “அண்ணே, செத்த வேகமாக் கொண்டு போகச் சொல்லுங்கண்ணே. கணக்கு பீரியடு முடியவே மாட்டேங்குது” என்றான்.

துண்டு கட்டி நின்ற என் அண்ணன் திரும்பிப் பார்த்து, “நீ வேணா வந்து ஒரு தோளு குடு தம்பி. வெரசாப் போயிரலாம்” என்றான். வகுப்பே சிரித்தது. கணக்கு வாத்தியாரும் சிரித்தார். மரியாதைக் குறைவாக யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொரு தடவை பல்கலைக்கழகப் பரீட்சை. வெளியூரில் இருந்து வந்த மேற்பார்வையாளர் போர்ட்டிகோவுக்கு ஓடி வந்து, “மணிய அடிய்யா! டைம் முடிஞ்சு ஏழு நிமிஷம் ஆச்சு” என்று கத்தினார். நான் கம்பியைத் தொடவில்லை. அப்போது இருந்த பிரின்சிபால் வெளியே வந்தார். “கொஞ்சம் பொறுங்க சார். உள்ள ஒருத்தர் போய்க்கிட்டு இருக்காரு” என்றார். அன்றைக்குப் போனது என் அப்பா. நான் முன்னாடியே லீவு சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அப்பாவுக்கு நானே மணியை நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன். நிறுத்தினேன். அவர் தெற்குக் கேட்டைத் தாண்டியதும் அடித்துவிட்டுச் சுடுகாட்டுக்கு ஓடினேன்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் சாவுச் செய்தி எழுதின தாளை வைத்திருக்க மாட்டோம். கடிதம் வந்தால் படித்த கையோடு கிழித்துப் போடுவோம். கருமாதிப் பத்திரிகை வந்தால் வீட்டுக்குள் கொண்டு போக மாட்டோம், வெளியே கூரையில் செருகி வைத்து, காரியம் முடிந்ததும் கிழிப்போம். இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கையே செய்யும். மணிப் புத்தகமோ வருடத்துக்கு ஒரு முறை சந்தனம் குங்குமம் வைத்து சரசுவதி பூசையில் இருக்க வேண்டிய புத்தகம். எனக்கு முன்னால் மணி அடித்தவரும் எங்கள் தெருவுக்காரர்தான். கம்பியை என்னிடம் கொடுத்த அன்று அவர் சொன்னது இரண்டே விஷயம். மழை பெய்தால் தண்டவாளத்தைத் துடைத்துவிட்டு அடி. பூசைக்கு முந்தின நாள் சாவுத் தாளை எல்லாம் கிழித்துவிடு.

கிழிக்க வசதியாகப் புத்தகத்திலேயே சாவுக்கு மட்டும் தனித் தாள் ஒதுக்கி எழுதினேன். ‘மூன்றாம் மணி பன்னிரண்டு நிமிடம் தாமதம். காரணம், மேலத்தெரு சவம்.’ கீழே செத்தவர் பெயர். வருடம் முழுக்கச் சேர்ந்த அந்தத் தாள்களைப் பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொன்றாகக் கிழித்து, தூங்குமூஞ்சி மரத்தடிச் சருகோடு போட்டுக் கொளுத்துவேன். பக்தியாகத்தான் செய்தேன். எங்கள் ஆட்களுக்கு நல்லது செய்கிற மாதிரி நினைத்துத்தான் செய்தேன்.

ஒரு வருடம் சூப்பரிண்டெண்ட் அதைப் பார்த்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், முஸ்லிம். ஆபீஸில் எல்லாருக்கும் பாய், எனக்கு சார்.

“ஏம்ப்பா, நான் இனிஷியல் போட்ட ரெக்கார்ட நீ பாட்டுக்குக் கிழிக்கிற?”

“சாவுத் தாளு சார். பூசையில வைக்க ஆகாது.”

“எங்க ஜமாத்துல யாரு மவுத்தானாலும் பேரு, தேதி, எந்த எடத்துல அடக்கம்னு எழுதி வச்சிருவாங்க. எங்க பாட்டனாரோட வாப்பா பேரு வரைக்கும் இருக்கு. நீங்க என்னடான்னா கொளுத்துறீங்க.”

“அது ஒங்க வழக்கம் சார்.”

“சரிப்பா, ஒங்க சாமி விசயம். நான் என்னத்தச் சொல்ல” என்றார். காற்று அடித்தது. தாள் பறக்காமல் இருக்க அவரே ஒரு கல்லை எடுத்து மேலே வைத்துவிட்டுப் போனார். அந்தக் கல்லை எடுத்து என் மண்டையில் போட்டிருக்கலாம்.

நிறுவனர் போனார், அவர் மகன் போனார். பேரன் செயலாளராக வந்தார். இவர் எங்கள் தெருவுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. முதலில் மெயின் பிளாக்கில் கை வைத்தார்கள். காரைப் பூச்சைச் சுரண்டிவிட்டு சிமெண்டைப் பூசி, அதன் மேல் பளபளவென்று பெயிண்ட் அடித்தார்கள். இரண்டே மழையில் சுவர் வேர்த்துக் கொப்புளம் கொப்புளமாக உரிந்தது. மறுபடியும் பெயிண்ட் அடித்தார்கள். ஓட்டைப் பிரித்துத் தகரம் போட்டார்கள். மே மாதம் மாடி வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். அதையெல்லாம் நவீனமயம் என்று மலரில் எழுதியிருக்கிறார்கள்.

பிறகு சுயநிதிப் பிரிவு. வெளியூர்ப் பிள்ளைகள், மேற்குப் பக்கம் புதிய ஹாஸ்டல். ஒரு பெற்றோர் வந்து, ஜன்னலைத் திறந்தால் பிணம் போகிறது, மகளுக்கு மூன்று நாள் காய்ச்சல் என்று புகார் கொடுத்தார். அதற்கப்புறம் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது என்றார்கள். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு ஒரு புதுப் பூட்டை மேசை மேல் வைத்தார்.

“மேற்குக் கேட்ட ரெண்டு நாள் பூட்டி வைங்க. கமிட்டி போனதும் தொறந்துரலாம்.”

“யாராச்சும் இறந்துட்டா சார்?”

“ரெண்டு நாள்ல யாரு சாகப் போறா?” என்றார்.

பூட்டினேன். என் கையால்தான் பூட்டினேன். குழு வந்தது, பிரியாணி சாப்பிட்டது, போனது. சாவியை ஆபீஸில் ஒப்படைக்கச் சொன்னார்கள். மறுவாரம் மைதானத்தின் ஓரத்தில் புளியமரங்களை வெட்டினார்கள். அதற்கு மறுவாரம் மண் அள்ளுகிற வண்டி வந்து பாதைக்குக் குறுக்கே புதிய பிளாக்குக்கு அஸ்திவாரம் தோண்டியது.

அப்போது என் அண்ணன் படுக்கையில் கிடந்தான். இருபத்தெட்டு வருடம் மில்லில் சுவாசித்த பஞ்சு. மாடிப்படி ஏறினவன் மாதிரி படுத்த படுக்கையிலேயே மூச்சு வாங்கும். டாக்டர் கையை விரித்துவிட்டார். மண் வண்டிச் சத்தம் அவன் கட்டிலுக்குக் கேட்டது.

“என்னலே சத்தம்?”

சொன்னேன். அவன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ரோட்டு வழியாவா கொண்டு போவீய என்னைய? கேரளாவுக்குப் போற லாரிக்காரன் பின்னாலயே ஆரன் அடிச்சுக்கிட்டு வருவான்லே. செத்தும் ஒதுங்கி வழி விடணுமா?”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே. மனு குடுத்திருக்கு.”

“எத்தன பேருக்கு முன்னால வந்து துண்டு கட்டி நின்னிருப்பேன். எனக்கு ஒரு தடவ மணிய நிப்பாட்டுலே. அது போதும்.”

தெருவே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருந்தது. இரண்டு தரப்பையும் பேச வைக்க வருவாய் அதிகாரி ஒரு நாள் குறித்தார். வழி இருந்ததற்கு ஆதாரம் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அன்று சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால் தெரு கூடியது. எல்லார் முகத்திலும் சிரிப்பு. “ஆதாரமா? மணிப் புத்தகம் இருக்குல்லா! ஒவ்வொரு சாவும் எழுதி, ஆபீசரு கையெழுத்தோட இருக்கு. அவிய வாயால மறுக்க முடியுமா?” என்றார் ஒருத்தர். என் அண்ணன் கட்டிலில் இருந்தே சொல்லி அனுப்பியிருந்தான். “எந்தம்பி எழுதி வச்சிருக்கான். கவலப்படாதீக.”

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். ஆமாம் என்கிற மாதிரி தலையை ஆட்டினேன். வேறு ஏதாவது வழி பார்க்க அன்றைக்கு நேரம் இருந்தது. பழைய பிரின்சிபால்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று தேடியிருக்கலாம். பழைய புகைப்படம் தேடியிருக்கலாம். எனக்கு வெட்கம். கிழித்த தாளின் ஓரம் தையலில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதை எண்ணிக் காட்டினால் நம்புவார்கள் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

குறித்த நாளில் பழையதும் புதியதுமாக எல்லா மணிப் புத்தகங்களையும் ஒரு சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். கேட்காமல்தான் எடுத்தேன். மேசையின் ஒரு பக்கம் செயலாளரும் வக்கீலும். மறு பக்கம் நாங்கள். செயலாளர் மரியாதையாகப் பேசினார். “எங்க தாத்தா காலத்துல எப்பவாவது மனிதாபிமான அடிப்படையில விட்டிருக்கலாம் சார். நிரந்தர வழின்னு எதுவும் கிடையாது” என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சாக்கை அவிழ்த்தேன். அட்டை ஒவ்வொன்றிலும் காய்ந்த சந்தனம். முதலில் அந்த வருடப் புத்தகத்தைப் புரட்டினார். போன பூசைக்கு அப்புறம் செத்தவர்கள் இரண்டு பேர். இரண்டு தாள் இருந்தது. சத்தமாக வாசித்தார். எங்கள் ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த புத்தகத்தை எடுத்தார். புரட்டினார். அடுத்தது. அதற்கடுத்தது.

“மின்தடை. மழை. கடிகாரம் நின்றது. இதுதான் இருக்கு. சவம்னு எங்கயும் இல்லையே?”

“கிழிச்சிட்டேன் ஐயா.”

“என்னது?”

“சாவுத் தாள வருசா வருசம் கிழிச்சிருவேன் ஐயா. சரசுவதி பூசைக்கு ஆகாது. எனக்கு முன்னால இருந்தவரும் அப்படித்தான். ஓரம் நிக்குது பாருங்க. எண்ணிப் பாருங்க.”

“யார் கிழிக்கச் சொன்னா? இவங்க சொன்னாங்களா?”

அந்த இடத்தில் ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். செயலாளர் முகம் ஒரு நிமிடம் வெளுத்தது. எனக்கு அது வரவில்லை. “யாரும் சொல்லல ஐயா. நானாத்தான்” என்றேன்.

வக்கீல் குனிந்து பேனா மூடியைத் தேடுகிற மாதிரி சிரித்தார். எனக்குப் பின்னால் எங்கள் தெருப் பொம்பளை ஒருத்தி, “அடப் பாவி மட்டை” என்று சொன்னது அறை முழுக்கக் கேட்டது.

சூப்பரிண்டெண்ட் வந்திருந்தார். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியிருந்தது. யாரும் கூப்பிடவில்லை, கேள்விப்பட்டு அவராகவே பஸ் ஏறி வந்திருந்தார். தடியை ஊன்றி எழுந்து, “நான் வேலையில இருந்த வரைக்கும் அந்தத் தாள்ல எல்லாம் இனிஷியல் போட்டது நான்தான் சார். வருசத்துக்கு எட்டு, பத்து பாடை போகும். என் கண்ணால பார்த்தது” என்றார்.

அதிகாரி அவரை உட்காரச் சொன்னார். “நீங்க சொல்றத நான் நம்புறேன் ஐயா. என் நம்பிக்கைய ஃபைல்ல வைக்க முடியாதே” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கேட்டது ஒரு தாள். அந்தத் தாளைக் கொளுத்தினவன் நான்.

மாற்றுப் பாதை என்று தீர்ப்பானது. வடக்கு மண்சாலை வழியாக மெயின் ரோட்டுக்கு வந்து, கல்லூரி முன்வாசலைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு ஓடைக்கரை போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். கிழித்ததையும் சொன்னேன். அவன் என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க வெகுநேரம் ஆனது.

“நம்ம ஆளுக எல்லாத்தையும் ரெண்டு தடவ எரிச்சிருக்கியேலே” என்றான். அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதன் பிறகு அந்த வழியைப் பற்றி அவன் பேசவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனால் தண்டவாளத்தைக் காணோம். சங்கிலி மட்டும் தொங்கியது. மெயின் பிளாக்கிலும் புதிய பிளாக்கிலும் மின்சார மணி மாட்டிக்கொண்டிருந்தார்கள். நேரத்தை வைத்துவிட்டால் அதுபாட்டுக்கு அடிக்கும், ஆள் வேண்டாம் என்றார்கள். ஆபீஸ் புத்தகங்களை வெளியே கொண்டு போனதற்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள். என்னை ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறுகிற வரை தட்டு எண்ணினேன்.

அண்ணன் மாசி மாதம் செத்தான். மறுநாள் முற்பகல் தூக்கினோம். முன்னால் ஓடிப்போய்த் துண்டு கட்டி நிற்க ஆள் தேவைப்படவில்லை. நிற்பதற்கு இடமும் இல்லை. நான் வலது பக்கம் முன்தோள் கொடுத்தேன். மண்சாலை முடிந்து மெயின் ரோட்டில் ஏறியதும் அவன் சொன்னது அப்படியே நடந்தது. லாரி, மினி பஸ், சிமெண்ட் கலவை வண்டி, எல்லாம் பின்னால் வரிசை கட்டி ஆரன் அடித்தன. ஒருத்தன் எட்டிப் பார்த்து, “ஓரமாப் போங்கப்பா, அவசரம்” என்றான். பாடையை மண்ணில் இறக்கி, ஒதுங்கி, வழிவிட்டு மறுபடியும் ரோட்டில் ஏறினோம். இரண்டு தடவை. கொட்டுக்காரர்கள் விடாமல் அடித்தார்கள். வேட்டும் போட்டார்கள். ரோட்டில் யாரும் தடுக்கவில்லை.

கல்லூரி முன்வாசல் வந்தது. தூங்குமூஞ்சி மரத்துக்குப் பின்னால் போர்ட்டிகோ தெரிந்தது. கொட்டு டக்கென்று நின்றது.

யாரும் சொல்லவில்லை. கொட்டுக்காரர்கள் கை தானாக நின்றது. கூட்டமும் பேச்சை நிறுத்திவிட்டது. லாரிகள்கூட அந்த நேரம் பின்தங்கியிருந்தன. கால் சத்தம் மட்டும் கேட்டது. அப்பாவைக் கொண்டு போனபோது கேட்ட அதே சத்தம். நான் நடந்துகொண்டே போர்ட்டிகோவைப் பார்த்தேன். செத்த நேரம், ஒரு பத்து எட்டு நடக்கிற நேரம், எல்லாம் பழையபடி இருந்தது.

மின்சார மணி அடித்தது. மில் சங்கு மாதிரி நீளமாக. முதலில் மெயின் பிளாக்கில், அது ஓய்வதற்குள் புதிய பிளாக்கில். வகுப்பு விட்டுப் பிள்ளைகள் வராந்தாவில் திபுதிபுவென்று இறங்கின.

கொட்டுக்காரர்களில் இளையவன் ஒருத்தன், எனக்கு மருமகன் முறை, திரும்பி என் முகத்தைப் பார்த்தான். “என்ன மாமா செய்ய?” என்றான்.

“அடிலே” என்றேன்.